நானோ சிலிக்கா ஊற்றியும் கியூப் ஏறவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நானோ சிலிக்கா என்பது வலிமைக்காகக் கான்கிரீட்டில் சேர்க்கும் மிக நுண்ணிய சிலிக்காத் துகள்; பெரும்பாலும் நீரில் மிதக்கும் கரைசலாக டிரம்மில் வரும். அது போட்ட கான்கிரீட்டின் கியூப், அதாவது சோதனைக்கு வார்க்கும் கனசதுரக் கட்டி, எதிர்பார்த்த வலிமை காட்டவில்லை என்றால் தப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும்: தண்ணீர்க் கணக்கு, கரைசலைக் கலந்த விதம், கியூப் எடுத்த விதம். டிரம்மில் வந்த சரக்கே மோசம் என்பது நாலாவதாகப் பார்க்க வேண்டியது. ஆனால் சைட்டில் முதலில் திட்டு வாங்குவது அந்த டிரம்தான்.

நானோ சிலிக்கா கான்கிரீட்டுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால் கீழே வரும் அறிகுறிகள் தானாகப் புரியும். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது வலிமை தரும் சி-எஸ்-எச் பசையோடு கால்சியம் ஹைட்ராக்சைடும், அதாவது சுண்ணாம்பும், உண்டாகிறது. இந்தச் சுண்ணாம்பு ஜல்லியைச் சுற்றிப் படிகமாக ஒதுங்கி அந்த இடத்தைப் பலவீனமாக்கும். நானோ சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து இன்னும் கொஞ்சம் சி-எஸ்-எச் ஆக்கிவிடும். அதோடு அந்த நுண்துகள்களின் மேலேயே புதுப் பசை முளைவிடுவதால் சிமெண்ட் வேகமாக வேலை செய்யும். 3 நாள் கியூபில் வித்தியாசம் பளிச்சென்று தெரிவதும், 28 நாளில் அது சுருங்கிப் போவதும் இதனால்தான்.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு கிராம் சிமெண்டின் பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர். சிலிக்கா ஃபியூம் என்ற நுண்தூளுக்கு 15 முதல் 20. நானோ சிலிக்காவுக்கு 50-லிருந்து சில நூறு வரை போகும். அத்தனை பரப்பும் தண்ணீர் கேட்கும். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசரையும் கேட்கும்.

முதல் வேலை: ஜோடிக் கலவை

நானோ சிலிக்கா போட்ட கியூப் முடிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதே சிமெண்ட் லாட், அதே எம்-சாண்ட், அதே ஜல்லி, அதே நாள், அதே ஆள் வைத்து, போட்டது ஒன்றும் போடாதது ஒன்றுமாக இரண்டு கலவை போடுங்கள். மொத்தத் தண்ணீர் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்லம்பை, அதாவது கலவையின் இளக்க அளவை, தண்ணீரால் சரிக்கட்டாமல் பி.சி.இ. வகை அட்மிக்ஸராலேயே (சூப்பர் பிளாஸ்டிசைசரில் ஒரு வகை) ஒன்றாக்குங்கள்.

150 மி.மீ. கியூப் ஒன்றுக்கு 3.375 லிட்டர் கான்கிரீட் வேண்டும். 3, 7, 28 நாளுக்கு மூன்று மூன்றாக ஒன்பது கியூப் என்றால் 30 லிட்டர் சொச்சம். சிந்தியது, ஸ்லம்புக்கு எடுத்தது எல்லாம் சேர்த்து 36 லிட்டர் போடுங்கள். கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.40 என்ற கலவைக்குக் கணக்கு இப்படி வரும்: சிமெண்ட் 14.4 கிலோ. தண்ணீர் 5.76 லிட்டர். 1 சதவீதம் நானோ சிலிக்கா என்றால் திடப்பொருள் 144 கிராம். கரைசல் 30 சதவீதத் திடம் உள்ளதாக இருந்தால் 480 கிராம் கரைசல். அதில் 336 கிராம் தண்ணீர்தான். ஆகவே தனியாக ஊற்ற வேண்டிய தண்ணீர் 5.42 லிட்டர். ஜல்லி, மணலின் ஈரத்துக்கான கழிவு இதற்கு மேல் தனி.

இரண்டு கலவைக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால், மூன்றே கியூபை வைத்து ஏறியது, இறங்கியது என்று சொல்லக்கூடாது. கியூபுக்குக் கியூப் வரும் சாதாரண ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கும்.

அறிகுறி: கரைசல் ஊற்றிய இரண்டு நிமிடத்தில் ஸ்லம்ப் செத்துவிடுகிறது

அடிக்கடி வரும் தொல்லை இதுதான். தொடர்ந்து வரும் வலிமைக் குறைவில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கலவை வறண்டதும் "தண்ணி பத்தாதுங்க" என்று மேஸ்திரி ஹோஸைத் திறந்துவிடுவார். 400 கிலோ சிமெண்ட் கலவையில் கூடுதலாக 20 லிட்டர் போனால் விகிதம் 0.40-லிருந்து 0.45 ஆகிவிடும். நானோ சிலிக்கா கொடுத்ததெல்லாம் அந்த இருபது லிட்டரிலேயே போச்சு.

ஏன் வறள்கிறது? சிமெண்ட் தண்ணீரில் கால்சியம் நிறைய இருக்கும். கூழ்மக் கரைசல் அதில் பட்ட உடனே துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பஞ்சுத் திரள்களாகிவிடும். அந்தத் திரளுக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் கலவையில்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டத்துக்கு உதவாது.

செய்ய வேண்டியது:

1. ஊற்றும் வரிசையை மாற்றுங்கள். ஜல்லி, மணல், சிமெண்ட், 70 சதவீதத் தண்ணீர் போட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நானோ சிலிக்காக் கரைசலை இன்னொரு 20 சதவீதத் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, அரை நிமிடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் ஓடட்டும். மீதி 10 சதவீதத் தண்ணீரில் பி.சி.இ.-யைக் கலந்து கடைசியில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். கெட்டிக் கரைசலை நேராக உலர்ந்த சிமெண்ட் மேல் ஊற்றினால் கட்டி கட்டியாகும். அந்தக் கட்டி பிறகு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உடையாது.

2. பி.சி.இ. அளவைச் சிமெண்ட் எடையில் 0.1 சதவீதமாகப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டக்கூடாது. அந்த உச்சத்திலும் ஸ்லம்ப் நிற்காவிட்டால் நானோ சிலிக்கா அளவு அதிகம் என்று அர்த்தம். அதை அரை சதவீதம் இறக்குங்கள். பழைய எஸ்.என்.எஃப். (நாப்தலீன்) வகை அட்மிக்ஸரோடு இந்த வேலையில் இறங்காதீர்கள். தண்ணீர்ப் பசிக்கு அது ஈடுகொடுக்காது.

3. எம்-சாண்டைப் பாருங்கள். ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, அரைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூளை 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அந்தத் தூள் வெறும் கல்தூளாக இருந்தால் பிரச்சினை குறைவு. குவாரியின் மேல்மண் களிமண்ணாகக் கலந்திருந்தால் பி.சி.இ.-யை அதுவே குடித்துவிடும். கரூர், காங்கேயம், பல்லடம் பக்கக் கிரஷர்களில் நன்றாகக் கழுவிய எம்-சாண்டும் கிடைக்கிறது, கழுவாததும் கிடைக்கிறது. இரண்டுக்கும் பில்லில் ஒரே பெயர். பூச்சுக்கான பி-சாண்ட் லோடு தவறிக் கான்கிரீட்டுக்கு வந்து இறங்குவதும் உண்டு. ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வையுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் வெகுநேரம் தெளியாமல் செம்மண் நிறத்தில் கிடந்தால் அந்த லோடை நானோ சிலிக்கா வேலைக்கு எடுக்காதீர்கள்.

4. சிமெண்டும் அட்மிக்ஸரும் ஒத்துப்போகிறதா என்று மார்ஷ் கோனில் (கூழ் ஓடும் நேரத்தை அளக்கும் புனல்) பாருங்கள். நானோ சிலிக்கா போட்ட கூழ், போடாத கூழ் இரண்டையும் 5-ஆவது நிமிடமும் 60-ஆவது நிமிடமும் ஓடவிட்டு நேரம் குறியுங்கள். 5-ஆவது நிமிடத்தில் சரியாக ஓடி, 60-இல் சொட்டுச் சொட்டாக வந்தால் இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த பி.சி.இ. வேண்டும். ஆர்.எம்.சி. (ரெடிமிக்ஸ்) பிளான்டிலிருந்து டிரான்சிட் மிக்ஸர் சிட்டி டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நிற்கும் இடங்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

அறிகுறி: டோசிங் டேங்கில் கரைசல் நுங்கு மாதிரி இறுகிக் கிடக்கிறது

கூழ்மக் கரைசல் பி.எச். 9-லிருந்து 10.5 வரை இருக்கும்போதுதான் நிலையாக நிற்கும். பி.எச். 5-க்கும் 7-க்கும் நடுவே இறங்கினால் வேகமாகக் கட்டிக்கொள்ளும். பி.சி.இ. அட்மிக்ஸர்கள் பல லேசான அமிலத்தன்மை உள்ளவை. இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றி வைத்தாலோ, ஒரே பைப்பில் விட்டாலோ கட்டிவிடும். டேங்க், பம்ப், பைப் எல்லாம் தனித்தனியாக வையுங்கள்.

இன்னொரு காரணம் உப்பு. உப்பும் கால்சியமும் அதிகமுள்ள போர் தண்ணீரில் கரைசலை முன்கூட்டியே கலந்து வைத்தால், மிக்ஸருக்குப் போகும் முன்பே திரண்டுவிடும். நொய்யல் ஓரம், ஒரத்துப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் சாயக்கழிவு இறங்கிய நிலத்தடி நீருக்கு இது நன்றாகப் பொருந்தும். முன்கலவைக்கு மட்டுமாவது ஆற்றுக் குழாய்த் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள், ஒரு கன மீட்டருக்கு முப்பது லிட்டர்தான் தேவைப்படும். கலந்த உடனே ஊற்றிவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கலவைக்குப் போகும் மொத்தத் தண்ணீருக்கும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன் வரம்பு இருக்கிறது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி., சல்பேட் 400 மி.கி., பி.எச். 6-க்குக் குறையக்கூடாது. டி.டி.எஸ். மீட்டர் மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. லேப் அறிக்கை வேண்டும்.

இறுகிய சரக்கைத் தண்ணீர் விட்டுக் கரைக்கப் பார்க்காதீர்கள். ஒருமுறை கட்டியது மறுபடி கூழ்மம் ஆகாது. டிரம்மைத் தகர ஷெட்டுக்கு வெளியே வெயிலில் வைக்காமல் நிழலில், மூடி இறுக்கி, பிளாஸ்டிக் டிரம்மிலேயே வையுங்கள். அலுமினியம், ஜி.ஐ. பாத்திரம் ஆகாது, காரம் அரிக்கும். மூடி திறந்தே கிடந்தால் ஓரத்தில் காய்ந்து உதிரும் வெள்ளைச் செதில்களும் கலவைக்குள் கட்டியாகத்தான் போகும்.

அறிகுறி: 3 நாள் கியூபிலும் ஒரு வித்தியாசமும் இல்லை

இங்கே கணக்கைத்தான் முதலில் துருவ வேண்டும்.

கலவை வடிவமைப்பில் 1 சதவீதம் என்று எழுதியிருக்கும். சைட்டில் 400 கிலோவுக்கு 4 கிலோ கரைசலை நிறுத்துப் போட்டுவிடுவார்கள். 30 சதவீதக் கரைசலில் 4 கிலோ என்றால் உள்ளே இருக்கும் சிலிக்கா 1.2 கிலோதான், அதாவது 0.3 சதவீதம். உண்மையில் போட வேண்டியது 13.3 கிலோ கரைசல். இதைவிட மோசமானது, கிலோவை லிட்டர் என்று எடுத்துக்கொள்வது. 30 சதவீதக் கரைசல் லிட்டருக்குச் சுமார் 1.2 கிலோ நிற்கும், ஆகவே 13.3 கிலோ என்பது 11 லிட்டர் சொச்சம். 40, 50 சதவீதச் சரக்கு இன்னும் கனம். டிரம் மாறினால் கணக்கும் மாறும்.

தலைகீழ்த் தப்பும் உண்டு. 13.3 கிலோவைச் சரியாகப் போட்டுவிட்டு, அதில் உள்ள 9.3 லிட்டர் தண்ணீரைக் கழிக்க மறந்துவிடுவது. 160 லிட்டர் 169 ஆகி, விகிதம் 0.40-லிருந்து 0.42-ஐத் தாண்டும். வலிமை ஏற வேண்டிய அளவும் கூடுதல் தண்ணீரால் இறங்கும் அளவும் ஒன்றையொன்று தின்றுவிட, முடிவில் "இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை" என்ற தீர்ப்பு வரும்.

லேபிளில் உள்ள சதவீதத்தை நம்ப வேண்டியதும் இல்லை. 100 கிராம் கரைசலைத் தட்டில் ஊற்றி 105 டிகிரி அவனில் எடை மாறாத வரை காயவையுங்கள். மிஞ்சுவது எத்தனை கிராமோ அத்தனை சதவீதம். புது டிரம் லாட் வரும்போதெல்லாம் இதைச் செய்துவிட்டுத்தான் பேட்சிங் கம்ப்யூட்டரில் எண்ணை மாற்ற வேண்டும்.

கணக்கு சரி என்றால், சரக்கு பொடியா கரைசலா என்று பாருங்கள். பொடியாக வரும் நானோ சிலிக்கா பஞ்சு மாதிரி உப்பிக்கிடக்கும். லிட்டருக்குச் சுமார் 50 கிராம்தான் இருக்கும். 4 கிலோ பொடி 80 லிட்டர் இடத்தை அடைக்கும். அதைச் சாதாரண டிரம் மிக்ஸரில் கொட்டினால் துகள் பிரியாது. மைக்ரான் கணக்கில் திரண்டு கிடக்கும் பொடிக்கு நானோ என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். ஆய்வகத்தில் அல்ட்ராசோனிக் கருவி வைத்துப் பிரித்துக் காட்டிய வலிமையைச் சைட் மிக்ஸரில் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். சைட் வேலைக்குக் கரைசல்தான் சரி. பொடியே கதி என்றால் முதலில் தண்ணீரில் அதிவேகக் கிளறியால் அடித்துக்கொள்ளுங்கள். பொடி மூக்கில் ஏறும். தூசி வடிகட்டும் மாஸ்க் இல்லாமல் பையைப் பிரிக்காதீர்கள்.

அறிகுறி: 3 நாளில் ஏறியது, 28 நாளில் சமமாகிவிட்டது

இது பிழையே இல்லை. நானோ சிலிக்காவின் பெரிய வேலை வேகப்படுத்துவது. ஓ.பி.சி. 53 (சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட்) தனியாகவே 28 நாளில் பெரும்பாலான தூரத்தை எட்டிப்பிடித்துவிடும். 28 நாள் எண்ணே உங்கள் இலக்கு என்றால், நானோ சிலிக்கா தரும் வேகத்தைப் பயன்படுத்தாமல், தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தைக் குறைக்கும் வழியைப் பாருங்கள். 0.40-லிருந்து 0.36-க்கு இறக்குவது தரும் ஏற்றத்தை 1 சதவீத நானோ சிலிக்காவிடம் எதிர்பார்க்கக்கூடாது.

சாம்பல் கலந்த சிமெண்டான பி.பி.சி.யோ, மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலை 30 சதவீதம் போட்ட கலவையோ என்றால் கதை வேறு. அங்கே 3, 7 நாள் வலிமைதான் நோஞ்சானாக இருக்கும். சென்ட்ரிங் பிரிக்கத் தாமதமாகும். அந்த இடைவெளியை அடைக்க 1 முதல் 1.5 சதவீதம் நானோ சிலிக்கா கைகொடுக்கும், அதற்குத்தான் இதற்குக் காசு கொடுப்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் சாம்பலும் அதே சுண்ணாம்பைத்தான் நம்பி இருக்கிறது. முதலிலேயே நானோ சிலிக்கா அதைத் தின்றுவிட்டால், பின்னால் சாம்பலுக்குப் பங்கு குறையலாம். அதனால் சாம்பல் கலவைக்கு 56 நாள் கியூபும் எடுத்து வையுங்கள்.

எம்25 தரக் கான்கிரீட்டில் கட்டும் இரண்டு மாடி வீட்டுக்கு இது எதற்கு என்று கேட்டால், எதற்கும் இல்லை என்பதே நேர்மையான பதில். அந்தக் காசுக்கு வைப்ரேட்டரும் பத்து நாள் தண்ணீரும் போதும். "இதை ஊற்றினால் சிமெண்ட் மூட்டையைக் குறைக்கலாம்" என்று சொல்லி விற்பவர்களிடம் ஐ.எஸ். 456-இன் குறைந்தபட்சச் சிமெண்ட் அட்டவணையைக் காட்டுங்கள்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மிதமான சூழலில் கன மீட்டருக்கு 300 கிலோ, கடுமையானதில் 320. கியூப் ஏறினாலும் இந்த எண் இறங்காது.

அறிகுறி: போட்டதில் வலிமை குறைந்துவிட்டது

முதலில் உடைத்த கியூபைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளவில் வெள்ளைப் புள்ளிகள், மிளகு அளவு மெத்தென்ற கட்டிகள் தெரிகிறதா? சரியாகப் பிரியாத சிலிக்காத் திரள் அது. ஒவ்வொன்றும் ஒரு ஓட்டைக்குச் சமம். அளவு 3 சதவீதத்தைத் தாண்டினால் நல்ல மிக்ஸரிலும் இது வந்துவிடும். 0, 0.5, 1, 1.5, 2 என்று ஐந்து கலவை போட்டு வரைபடம் போடுங்கள். எங்கே கோடு மட்டமாகிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

கட்டி இல்லை, ஆனால் நுண்ணிய காற்றுக் குமிழ் நிறைய தெரிகிறதா? நானோ சிலிக்கா கலவையைப் பசைபோல ஆக்கும், பி.சி.இ. கூடும்போது நுரையும் கூடும். பசைக்குள் போன நுரை வெளியே வராது. காற்று 1 சதவீதம் கூடினால் வலிமை சுமார் 5 சதவீதம் போகும். கியூபின் எடையே துப்புக் கொடுத்துவிடும். ஜோடியில் போட்ட கியூப் 8.2 கிலோவும் போடாதது 8.5 கிலோவும் இருந்தால் காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். நுரையடக்கி கலந்த பி.சி.இ. கேளுங்கள், வைப்ரேட்டரில் கொஞ்சம் கூட நேரம் விடுங்கள்.

அறிகுறி: மூன்றில் ஒரு கியூப் மட்டும் படுத்துவிட்டது

உதாரணமாகச் சதுர மி.மீ.க்கு 36, 35, 28 நியூட்டன். சராசரி 33. ஒரு கியூபும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. கீழ் எல்லை 28.05. ஆக 28 வந்த கியூபால் இந்தத் தொகுப்பே செல்லாது. நானோ சிலிக்காவுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

பசைத்தன்மை கூடிய கலவை என்பதால் மூன்று அடுக்காகப் போட்டு அடுக்குக்கு 35 குத்து என்பதை ஏய்த்தால் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் விழும். மோல்டின் மூலை 90 டிகிரி இருக்கிறதா, பக்கம் சப்பட்டையாக இருக்கிறதா பாருங்கள். மெஷினில் கரண்டியால் தேய்த்த முகம் மேலேயோ கீழேயோ வரக்கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். சுமை ஏற்றும் வேகம் நிமிடத்துக்குச் சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன், 150 மி.மீ. கியூபுக்கு வினாடிக்கு சுமார் 5.25 கிலோ நியூட்டன். கையால் பம்ப் அடிக்கும் மெஷினில் அவசரப்பட்டு அடித்தால் எண் தப்பாக வரும். கியூப் தொட்டித் தண்ணீர் 27 டிகிரிக்கு 2 முன்பின். ஏப்ரல் மாதத்து ஈரோட்டில் மொட்டை மாடி பிளாஸ்டிக் டிரம்மில் ஊறப்போட்ட கியூபின் 3 நாள் எண்ணுக்கு மதிப்பே கிடையாது. வெப்பம் முதல் நாட்களை ஏற்றிக் காட்டும், 28-ஐ இறக்கும். நானோ சிலிக்காவின் போக்கும் அதே மாதிரி இருப்பதால் இரண்டும் குழம்பிவிடும்.

அறிகுறி: தளம் போட்ட அன்று சாயங்காலமே மேலே முடி போன்ற மெல்லிய வெடிப்பு

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வழியாக நேராக வரும். காற்றாலைக்காரருக்குக் கொண்டாட்டம், தளம் போடுபவருக்குத் தலைவலி. ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும்போது ஈரக் கான்கிரீட்டின் தோல் என்ன ஆகும்?

சாதாரணக் கலவையில் மேலே கசியும் தண்ணீர் தோலைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். நானோ சிலிக்கா கலவையில் அந்தக் கசிவு ஏறக்குறைய நின்றுவிடும். மணிக்குச் சதுர மீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் நீர் ஆவியானால் எந்தக் கான்கிரீட்டும் ஆபத்துதான். இது அதற்கு முன்பே வெடிக்கும்.

மதியம் மூன்றுக்கு மேல் ஊற்றத் தொடங்குங்கள். காற்று வரும் மேற்குப் பக்கம் பச்சை ஷேடு நெட்டை ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள். ஃபுளோட் தேய்த்து முடித்த பகுதியை உடனுக்குடன் பாலித்தீன் தாளால் மூடுங்கள். முழுத் தளமும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுவே தேவைப்பட்டால் மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் மூடுபனி மாதிரி அடிக்கலாம், ஆனால் அந்தத் தண்ணீரை வைத்துத் தேய்த்துவிடக் கூடாது. கன மீட்டருக்கு 900 கிராம் பாலிப்ரொப்பிலீன் நார் போடுவதும் உதவும். வெடிப்பு வந்து, கான்கிரீட் இன்னும் இளகியிருந்தால் மறுபடி ஃபுளோட் போட்டு மூடிவிடலாம். இறுகிய பிறகு மேலே சிமெண்ட் பால் ஊற்றுவது வெடிப்பை மறைக்கும், ஒட்டாது.

க்யூரிங்கையும் முன்னால் இழுங்கள். இந்தப் பசை அடர்த்தி அதிகம் என்பதால் ஒருமுறை காய்ந்தால், மேலே பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர் உள்ளே இறங்காது. மறுநாள் காலை என்று வைக்காமல், தளம் கையில் ஒட்டாத நேரத்திலிருந்தே ஈரச்சாக்கு. ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்ததற்கு 10. நம் வெயிலுக்கும் காற்றுக்கும் 10, 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மிக்ஸருக்குள்ளேயே இறுகுகிறது

நானோ சிலிக்கா இறுகும் நேரத்தைக் குறைக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் கல்லாக்காது. அப்படி ஆனால் டிரம்மில் இருப்பது வேறு சரக்காக இருக்கலாம். திருப்பூர், ஈரோடு, பவானியில் கெமிக்கல் கடைகளில் சோடியம் சிலிக்கேட் தாராளமாகக் கிடைக்கும். ப்ளீச்சிங்குக்கும் சாயத்துக்கும் வாங்குவார்கள். "சிலிக்கா லிக்விட்" என்று கேட்டால் அதை எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். அது கான்கிரீட்டை உடனே இறுக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். பி.எச். தாள் 9, 10 காட்டினால் நானோ சிலிக்கா. 11-ஐத் தாண்டினால் சந்தேகம். கண்ணாடித் துண்டில் இரண்டு சொட்டு காயவிட்டு வெந்நீர் ஊற்றித் தேயுங்கள். சிலிக்கேட் கண்ணாடி மாதிரிப் படிந்து, வெந்நீரில் வழுவழுவென்று கரையத் தொடங்கும். நானோ சிலிக்கா செதிலாக உதிரும், கரையாது. மில் தரைக்கு மேலே பூசும் டென்ஸிஃபையர் வகைச் சரக்கும் இதே பெயரில் விற்கப்படுகிறது. அதில் சிலிக்கேட் இருக்கலாம், அதைக் கலவைக்குள் ஊற்றாதீர்கள்.

சரக்கு சரிதான், ஆனாலும் சீக்கிரம் இறுகுகிறது என்றால் சிமெண்டின் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆலையிலிருந்து அன்றே வந்த பல்க் சிமெண்ட் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். ஜல்லிக் குவியலுக்கு நிழலும் தண்ணீர்த் தெளிப்பும், கலவைத் தண்ணீருக்கு ஐஸும் கொடுங்கள்.

அறிகுறி: பேவர் பிளாக்கில் விளிம்பு உதிர்கிறது

ஸ்லம்பே இல்லாத வறட்டுக் கலவையில் பி.சி.இ. ஓட்டத்துக்கு உதவாது; ஈரம் சீராகப் பரவுவதுதான் எல்லாம். கரைசலை மொத்தத் தண்ணீரிலும் கலந்து, பேன் மிக்ஸரில் ஸ்பிரே பாரின் வழியாக விடுங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கே உருண்டை, மற்ற இடத்தில் தூள். 0.5 சதவீதத்தில் தொடங்குங்கள். 1-ஐத் தாண்டினால் கலவை டையில் ஒட்டிக்கொண்டு, பிளாக்கைத் தூக்கும்போது விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும். கைப்பிடியில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது.

சிவப்பு, கறுப்பு பிளாக்குகளில் பூக்கும் வெள்ளை உப்புப் பூப்பு நானோ சிலிக்காவால் குறையும், ஏனெனில் வெளியே வர வேண்டிய சுண்ணாம்பை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. குறையவில்லை என்றால் க்யூரிங் தண்ணீரைச் சோதியுங்கள்; உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தால் பூப்பு கான்கிரீட்டிலிருந்து வரவில்லை, உங்கள் போரிலிருந்து வருகிறது.